மெத்தனால் மலையில் ஊறுவதில்லை

(பேசிய எபிசோடை வாசிப்பதற்கு வசதியாகச் சற்றுத் திருத்தி எழுதியது.)

இந்த வாரம் பேசப்போற விஷயத்துக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். குடும்பத்தோட தென்கிழக்கு ஆசியாவுக்குச் சுற்றுலா போகிறாராம். லாவோஸ்ல வெளிநாட்டுப் பயணிகள் மெத்தனால் கலந்த மதுவால இறந்துபோன செய்தியைப் படிச்சிருக்கார். அவர் கேட்டது இதுதான்: "மெத்தனால்ன்னா நம்ம ஊர்ல மலையில காய்ச்சுற கள்ளச்சாராயத்துலதானே வரும்? பாட்டில் சரக்குல, வெளிநாட்டுச் சரக்குல எல்லாம் எப்படி வருது? வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இந்தக் கேள்வியில ஒரு தப்பான நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. அவர்கிட்ட மட்டும் இல்ல, நம்மில் பெரும்பாலானவர்களிடம் இருக்கிற நம்பிக்கை. விஷம் மலையிலிருந்து வருது, காய்ச்சத் தெரியாதவன் காய்ச்சினதால வருது என்பது. அதனால லாவோஸுக்குப் போறதுக்கு முன்னாடி கள்ளக்குறிச்சிக்குப் போவோம்.

கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்கு உள்ளேயே இருக்கிற பகுதி. ஒதுக்குப்புறமான காடு இல்ல. காவல் நிலையம், நீதிமன்றம் எல்லாம் நடந்துபோகிற தூரம். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் மூட்டை தூக்குபவர்கள், கூலி வேலை செய்பவர்கள். 2024 ஜூன் 18-ஆம் தேதி அங்கே பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்களுக்கு இரவிலிருந்தே வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலருக்குக் கண் மங்கலாயிற்று. 19-ஆம் தேதி காலையிலிருந்து சாவுகள் வரிசையாக வந்தன. அடுத்த சில வாரங்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை 65-ஐத் தாண்டியது. இறந்தவர்களில் பெண்களும் உண்டு. சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டவர்கள் 200-க்கும் மேல். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போதவில்லை. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நோயாளிகளை அனுப்பினார்கள். சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவு போகணும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த செய்திதான். நான் நிறுத்திப் பார்க்கச் சொல்வது 19-ஆம் தேதியின் முதல் சில மணி நேரத்தை.

முதல் மரணங்கள் வந்தபோது, அது சாராயத்தால்தான் என்று உறுதியாகவில்லை என்ற தொனியில்தான் மாவட்ட நிர்வாகத்தின் விளக்கம் இருந்தது. வயிற்றுப்போக்கு, வேறு உடல்நலக் கோளாறு என்று பேச்சு வந்தது. அதே நேரத்தில் ஊரில் துக்க வீடுகள். நம்ம ஊர்ல துக்க வீடுன்னா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். தூரத்து உறவெல்லாம் வரும், பறை அடிப்பாங்க, ஒரு ஓரத்துல குடிப்பாங்க. முதலில் இறந்தவர்களின் சாவுக்கு வந்தவர்கள் அதே சாராயத்தைக் குடித்ததாக அப்போது வந்த பல செய்திகள் சொல்லின. எதனால் ஒருவர் செத்தாரோ, அதையே அவருடைய சாவுக்கு வந்தவர் குடிக்கிறார். அவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

இப்படி நடப்பதற்கு மெத்தனாலின் தன்மையிலேயே ஒரு காரணம் இருக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிடறேன், ஏன்னா மீதி எல்லாமே இதைப் பிடித்துத்தான் நிற்குது.

நாம குடிக்கிற மதுவில் இருப்பது எத்தனால். மெத்தனால் அதோட பங்காளி மாதிரி. பார்க்கத் தண்ணி மாதிரியே இருக்கும், வாசனையும் கிட்டத்தட்ட அதே. குடித்தால் போதையும் வரும். மெத்தனால் அப்படியே இருக்கும்வரை பெரிய கேடு செய்வதில்லை. நம்ம கல்லீரல்தான் அதை விஷமாக மாற்றுகிறது. மதுவை உடைக்கிற அதே நொதி மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது பிறகு ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடிச்சா எரியுதே, அந்த அமிலம்தான். இது உடம்பில் சேரச்சேர இரத்தம் அமிலமாகிறது. செல்கள் ஆக்சிஜன் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் போகின்றன. கண் நரம்புதான் முதலில் அடி வாங்கும் இடங்களில் ஒன்று. 10 மில்லி சுத்தமான மெத்தனால் பார்வையைப் பறிக்கப் போதும், 30 மில்லி உயிரைப் பறிக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 30 மில்லி என்பது இரண்டு மேசைக்கரண்டி.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். பொதுவாக 12 முதல் 24 மணி நேரம். சரக்கில் எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும், ஏன்னா நொதி எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். ஆகவே சாயங்காலம் குடிச்சவர் ராத்திரி நல்லாத் தூங்குவார். காலையில எழுந்து "தலை வலிக்குது, ஓவராயிடுச்சு போல"ன்னு நினைப்பார். வழக்கமான ஹேங்ஓவர்னு வீட்டிலும் விட்டுடுவாங்க. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தா சாப்பாட்டுல கோளாறுன்னு தோணும். கண் மங்கும்போதுதான் பயம் வரும். அதற்குள் பாதி நேரம் போயிருக்கும்.

சிகிச்சை இருக்கிறது, அதுவும் நல்ல சிகிச்சை. அந்த நொதியைத் தடுத்துவிட்டால் மெத்தனால் விஷமாக மாறாது. அதற்கான மருந்து ஃபோமெபிசோல். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலை அதிகம், எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் அளந்து எத்தனாலையே கொடுப்பது உண்டு, நொதியை அதன் பக்கம் இழுப்பதற்காக. கூடவே இரத்த அமிலத்தைச் சரிசெய்ய சோடியம் பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், விஷத்தை வெளியேற்ற டயாலிசிஸ். (இதைக் கேட்டுட்டு யாரும் வீட்டில் ஒரு குவார்ட்டரை வாங்கி ஊத்திவிடாதீங்க. அது இரத்தப் பரிசோதனை பார்த்து ஐ.சி.யு.-வில் செய்யும் வேலை.) கள்ளக்குறிச்சி சம்பவத்தின்போது இந்த மருந்தை வைத்து ஒரு அரசியல் சண்டையே நடந்தது. தேவையான ஃபோமெபிசோலா, வயிற்றுப் புண்ணுக்கான ஒமெப்ரசோலா என்று எதிர்க்கட்சித் தலைவரும் அமைச்சரும் மோதிக்கொண்டார்கள். இரண்டு நாள் மீம்ஸ் ஓடியது. ஆனால் எல்லா மருந்தும் கைவசம் இருந்தாலும், கண் போன பிறகு வருகிறவரிடம் அதனால் செய்ய முடிவது குறைவு. நேரம்தான் இங்கே முதல் மருந்து.

சரி, மலைக்கு வருவோம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற மலை. கடுக்காய்க்குப் பெயர் போனது. ஓடைகள் நிறைய. அங்கே சாராயம் காய்ச்சுவது பல காலமாக நடப்பதுதான், மறைக்க ஒன்றுமில்லை. வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை போட்டு ஊறல் போடுவார்கள். பேரலை மண்ணில் புதைத்துவைத்துப் பிறகு காய்ச்சுவார்கள். 2024 ஜூன் சம்பவத்துக்குப் பிறகு போலீஸ் தினமும் மலையேறி ஊறலை அழிக்கும் படம் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் படங்களைப் பார்த்தால் ஏதோ விஷத்தின் ஊற்றுக்கண்ணை அடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் வெல்லம் ஊறினால் வருவது எத்தனால். மெத்தனால் முக்கியமாகப் பழத்தோலில் இருக்கிற பெக்டினிலிருந்து உண்டாவது. பழத்தில் காய்ச்சும் மதுவில்கூட அது சிறிதளவுதான். சட்டப்படி தயாரிக்கிற பழ பிராந்திகளிலும் அந்தச் சிறு அளவு இருக்கும். அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், யாரும் சாவதில்லை. 'முதல் வடி'யைக் கொட்டாமல் விட்டதால் ஊரே செத்தது என்கிற கதையை நான் பல இடத்தில் கேட்டிருக்கிறேன். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் சாகிற அளவுக்கு மெத்தனால் ஒரு பானத்தில் இருந்தால், அதை யாரோ ஒருவர் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

மலைச்சாராயம் நல்லதுன்னு நான் சொல்ல வரல. சட்டவிரோதம், அளவு தெரியாது, சுத்தம் கிடையாது. ஆனா மலைவாசி காய்ச்சினது வேற, டிரம்மில் வந்தது வேற. இரண்டையும் 'கள்ளச்சாராயம்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டால், தேடுகிற ஆட்கள் எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அன்றைக்கே தெளிவாகச் சொன்னார்: இது காய்ச்சிய சாராயம் அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று. எக்கியார்குப்பம் கடலோர மீனவர் கிராமம். அங்கே மலையும் இல்லை, ஊறலும் இல்லை. 13 மாதத்தில் அதே விஷம் கள்ளக்குறிச்சிக்கு வந்தது.

அப்படின்னா மெத்தனால் எங்கிருந்து வருது? நேயர் 'வெளிநாட்டுச் சரக்கு' பத்திக் கேட்டார் இல்லையா. இந்தக் கதையில் உண்மையான வெளிநாட்டுச் சரக்கு மெத்தனால்தான். இந்தியா பயன்படுத்தும் மெத்தனாலில் மிகப் பெரும் பங்கு இறக்குமதி. ஈரான், சவுதி அரேபியா, ஓமன் போன்ற நாடுகளிலிருந்து, அங்கே மலிவாகக் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் தயாரித்து, கப்பலில் வருகிறது. துறைமுகத்தில் தொட்டிகளில் இறங்கி, டேங்கர் லாரியில் ஏறி, ஃபார்மலின், பிசின், பெயின்ட், தின்னர், மருந்து மூலப்பொருள் செய்யும் ஆலைகளுக்குப் போகிறது. இந்த நேர்மையான பயணத்தில் எங்கோ ஒரு வளைவில் சில டிரம்கள் வழி மாறுகின்றன.

வழி மாறுவதற்கான காரணம் வெறும் கணக்குதான். குடிக்கிற எத்தனாலுக்கு ஆயத்தீர்வை உண்டு, மெத்தனாலுக்கு அது இல்லை. 2024-இல் டாஸ்மாக்கில் மலிவான குவார்ட்டரே 140 ரூபாய். கருணாபுரத்தில் பாக்கெட் அதில் பாதிக்கும் குறைவு. நாள் முழுக்க மூட்டை தூக்கி உடம்பு வலிக்கு ஒரு பாக்கெட் குடிப்பவருக்கு அந்த வித்தியாசம் அரிசிக்காசு.

இந்தக் கணக்கு கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உரியது இல்ல. 1986-இல் இத்தாலியில் என்ன நடந்ததுன்னு பாருங்க. அங்கே 1984-இல் மெத்தனால் மீதான வரியை எடுத்துவிட்டார்கள். ஒயினின் ஆல்கஹால் அளவை உயர்த்த அதுவரை சர்க்கரை சேர்த்துக்கொண்டிருந்த கலப்படக்காரர்களுக்கு அதைவிட மலிவான பொருள் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷத்தில், பாட்டிலில் லேபிள் ஒட்டி முறையான கடைகளில் விற்ற ஒயினால் 23 பேர் இறந்தார்கள். சிலர் பார்வை இழந்தார்கள். ஜெர்மனி, பிரான்ஸ் எல்லையில் இத்தாலிய ஒயின் லாரிகளை மடக்கினார்கள். மலையும் இல்லை, குடிசைத் தொழிலும் இல்லை, புகழ்பெற்ற ஒயின் பிரதேசம். வரி இடைவெளி இருக்கும் இடத்தில் மெத்தனால் நுழையும்.

2012 செப்டம்பரில் செக் குடியரசு. கார் கண்ணாடி கழுவும் திரவத்துக்காக வாங்கிய மெத்தனால், போலி பிராண்டு பாட்டில்களில் ஏறி நாடு முழுக்கப் பரவியது. இறந்தவர்கள் 40 பேருக்கு மேல். ஆனால் அந்த அரசு செய்தது எனக்குப் பிடித்திருந்தது. முதல் மரணங்கள் தெரியவந்த சில நாட்களுக்குள், 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவின் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்தினார்கள். எந்தக் கடை, எந்த பிராண்டு என்று தெரிந்த பிறகு அல்ல, தெரியாதபோதே. வரி நஷ்டம், முதலாளிகளின் கூச்சல் எல்லாம் இருந்தும். போலந்தும் ஸ்லோவாக்கியாவும் செக் மதுவின் இறக்குமதியைத் தடைசெய்தன. தடை நீங்கியபோது ஒவ்வொரு தொகுதிக்கும் எங்கே தயாரானது என்ற சான்று கட்டாயமானது.

கருணாபுரத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்க. பாக்கெட்டுக்கு லேபிள் இல்லை, தொகுதி எண் இல்லை, திரும்பப் பெற வழி இல்லை. அங்கே செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, "நேத்து சாராயம் குடிச்சவங்க யாரா இருந்தாலும், உடம்புக்கு ஒண்ணும் இல்லேன்னாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, கேஸ் போட மாட்டோம்" என்று தெருத்தெருவாகச் சொல்வது. அந்த அறிவிப்பு 19-ஆம் தேதி விடியலிலேயே போயிருந்தால், துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலராவது அந்தப் பாக்கெட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உறுதியாகும்வரை காத்திருப்பது அதிகாரிகளின் பழக்கம். மெத்தனால் விஷயத்தில் உறுதியாவது என்பது ஆய்வக அறிக்கை வருவது. அதற்குள் இரண்டாவது சுற்று குடித்து முடிந்திருக்கும்.

இப்போ நேயரின் கடைசிக் கேள்வி: எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது. இதை நான் தெளிவாகவே சொல்லிடறேன். மோந்து பார்த்தாலும், நாக்கில் தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. கொளுத்திப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று நம்ம ஊர்ல ஒரு சோதனை சொல்வாங்க. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். இரண்டும் கலந்திருந்தால் சோதனைக்கே அர்த்தம் இல்லை. கூட குடித்தவர் நல்லா இருக்கார் என்பதும் சான்று இல்லை. ஒவ்வொருவருக்கும் அளவு வேறு, நேரம் வேறு.

குறைத்துக்கொள்ள முடிவது ஆபத்தை மட்டும்தான். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரத்தில் இறந்த 6 பயணிகளில் பெரும்பாலோர் இளம் வயதினர், ஆஸ்திரேலியா, டென்மார்க் மாதிரியான நாடுகளிலிருந்து வந்தவர்கள். பயணம் போகிறவர்கள் இலவசமாகக் கொடுக்கும் ஷாட், வாளியில் கலக்கித் தரும் காக்டெயில், திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றும் ஸ்பிரிட் இவற்றைத் தவிர்க்கலாம். கண் முன்னால் திறக்கிற பீர் ஓரளவு பாதுகாப்பானது. இந்தியாவில் விற்கும் இறக்குமதி பாட்டிலில் இறக்குமதியாளர் பெயரும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கணும். "தெரிஞ்சவர் மூலமா பாதி விலைக்கு" வரும் வெளிநாட்டுப் பாட்டிலில் பாட்டில் மட்டும்தான் வெளிநாடாக இருக்கும், பல நேரம். குடித்த மறுநாள் வழக்கத்துக்கு மாறான தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண்ணில் பனி விழுந்த மாதிரி மங்கல், இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க. மருத்துவரிடம் "சாப்பாடு ஒத்துக்கல"ன்னு சொல்லாதீங்க, என்ன குடிச்சோம், எப்போ குடிச்சோம்னு சொல்லுங்க. வெட்கமும் போலீஸ் பயமும் சேர்ந்து அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கவைக்குது, அந்த வாக்கியம் இல்லாம டாக்டருக்கு மெத்தனால் ஞாபகம் வராது. கூட குடிச்சவங்க எல்லாருக்கும் போன் போட்டு, அவங்க நல்லா இருந்தாலும் வரச் சொல்லுங்க.

அரசு என்ன செய்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லணும். கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. பணியிடை நீக்கம். இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவு. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம். வழக்கு சி.பி.சி.ஐ.டி.-க்குப் போய், 2024 நவம்பர் 20-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை சி.பி.ஐ.-க்கு மாற்றியது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது தனிக்கதை. சாலை, பள்ளி, வேலை இல்லாத மலையில் ஊறல் ஏன் ஓயவில்லை என்பதற்கு அதில் பதில் இருக்கு.

ஜூன் இறுதியில் சட்டசபையில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக அமல்படுத்திய அதே சட்டம்தான். கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால் இப்போது ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். கடுமைதான். ஆனால் பாக்கெட் விற்பவருக்குத் தன் கையில் இருப்பது எத்தனாலா மெத்தனாலா என்றே தெரியாது. பல நேரம் அவர் வீட்டிலேயே ஒருவர் அதைக் குடிப்பார். தெரிந்தவர் டிரம்மை விற்றவர். மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும், வாங்கியதற்கும் செலவழித்ததற்கும் பதிவேடு வேண்டும் என்று 1959-லேயே தமிழ்நாட்டில் விதிகள் உண்டு. ஒரு பெயின்ட் கம்பெனி மாதம் 50 டிரம் வாங்குகிறது, அதன் உற்பத்திக்கு 40 போதும் என்றால், மீதி 10 எங்கே என்று கேட்க மலையேறத் தேவையில்லை, மோப்ப நாய் தேவையில்லை, ஜி.எஸ்.டி. பில்லையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு ஆள் போதும். சி.பி.ஐ. விசாரணையில் நான் கவனிக்கப்போவது பாக்கெட் விற்ற வீட்டின் பெயரை இல்லை, அந்தப் பத்து டிரம்களை.